தாத்தாவின் கத்தி எந்தக் கடையில்?

வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு முத்திரை என்று பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வேறொன்று இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியாது. "முத்திரை அம்மாவா? மாடிக்குப் போங்க, ஜன்னலோர மேஜை" என்றால்தான் வழி கிடைக்கும்.

அது பழைய பொருள்களை ஏலம் விடும் நிறுவனம். கடிகாரத்துக்கு ஒருவர், பீங்கானுக்கு ஒருவர், மரச்சாமானுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு துறை. இவளுக்கு வாய்த்தது சவரக்கத்தி. பிடிக்குள் மடங்கிக்கொள்கிற, தோல்வாரில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்துகிற பழைய நாள் நீளக் கத்தி. ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும். எந்த ஊரில் செய்தது, யார் செய்தது, ஏறக்குறைய எந்தக் காலம் என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். வைத்துவிட்டு நிறுத்தமாட்டாள், அதுதான் தொல்லை. "கத்தியைப் பத்திக் கத்தி போடறதுக்குன்னே சம்பளம் வாங்கற ஒரே ஆள் இவங்கதான்" என்று பீங்கான்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அதில் அவளுக்குக் கோபம் கிடையாது. பீங்கான்காரர் ஒரு கோப்பையைப் பற்றி ஆரம்பித்தால் எல்லோருடைய மத்தியானச் சாப்பாடும் ஆறிப்போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவள் தொழிலில் எல்லாம் கழுத்தில் இருக்கிறது. கத்தியின் கூரான அலகு முடிந்து வால் தொடங்குவதற்கு முன்னால், விரல் பிடிக்கிற கட்டையான ஒரு துண்டு இருக்கிறதே, அதுதான் கழுத்து. செய்தவன் தன் முத்திரையை அங்கேதான் அடிப்பான். பெயர், ஊர், அடையாளத்துக்கு ஒரு நட்சத்திரமோ அம்போ. கிரீடமும் அதற்கு இருபுறமும் இரண்டு எழுத்துகளும் இருந்தால், எந்த ராஜா அல்லது ராணி காலம் என்று தெரிந்துவிடும். செய்த நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுக்குப் பிந்தியது. அமெரிக்காவுக்குப் போகிற சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அப்போதுதான் சட்டம் வந்தது. அலகு ஆப்பு மாதிரி தடித்திருந்தால் பழசு. இரண்டு பக்கமும் குழித்து மெல்லிசாக இருந்தால் பிந்தியது. பிடியைக் கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வருகிறதா, அது செல்லுலாய்டு என்கிற ஆதி பிளாஸ்டிக், பிந்திய காலத்தது. பழைய மாட்டுக்கொம்பாக இருந்தால் அந்த வாசனை வராது. முகர்ந்து பார்க்கிற நேரத்தில் யாராவது உள்ளே வந்தால் அவள் கொஞ்சம் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

கத்தி கொண்டுவருகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கழுத்தில் நாலு இலக்க எண் இருந்தால் அதை வருஷம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஓய்வு பெற்ற கப்பல் மாலுமி ஒருவர், 1805 என்று பொறித்த கத்தியை வெல்வெட்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். "அது மாடல் நம்பர்ங்க. இதுக்கு உங்க வயசை விடக் கொஞ்சம்தான் கூட" என்றாள் இவள். அவர் முகம் சுண்டிப்போகும் என்று பார்த்தால், மனுஷர் துள்ளிக் குதித்தார். "அப்பாடா! இருநூறு வருஷக் கத்தின்னு பயந்து அலமாரியில வெச்சுப் பூட்டியிருந்தேன். இனிமே தினமும் இதுலதான் சவரம்!" என்று அந்த வெல்வெட்டை அவள் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். கண்ணாடி துடைக்க அது இன்றைக்கும் உதவுகிறது.

அவளுக்குப் பிடிக்காத விஷயம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. ஒரு கத்தியின் அலகை எடுத்து இன்னொரு கத்தியின் பிடியில் பொருத்தி, "அசல்" என்று கொண்டுவருவது. ஒட்டுக்கத்தி என்பாள் அதை. ஒட்டுக்கத்தி மேஜைக்கு வந்துவிட்டால் அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசமாட்டாள். "எவனோ ஒருத்தன் சட்டையை இன்னொருத்தனுக்குப் போட்டு அனுப்பியிருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அந்த விஷயத்தில் அவள் ஒரு பிடிவாதக்காரி.

இவ்வளவு பெரிய சவரக்கத்தி நிபுணியின் புருஷனுக்கு மார்பு வரைக்கும் தாடி. அவர் பஸ் ஓட்டுகிறார். நெரிசலான சந்தியில் நீண்ட பஸ்ஸை ஒரே திருப்பில் திருப்புகிற தைரியசாலிக்குக் கத்தியைக் கண்டால் கால் நடுங்கும். கல்யாணமான புதிதில், சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்திருந்த கத்திகளைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டவர். தாடி வளர்ந்ததும் அப்போதுதான். "என்னங்க, அழகாத்தான் இருக்கு" என்று இவள் சொன்னதை நம்பி அப்படியே விட்டுவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். அவள் பிறந்தது சவரக்கடைக்காரர் குடும்பத்தில். மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தம்பி, நடுவில் இவள். தாத்தா தொடங்கிய கடை, அப்பா நடத்திய கடை. அப்பாவுக்கு வயதானதும் அந்தக் கடை அண்ணனுக்கு வந்தது. தம்பி தன் கல்யாணத்துக்குப் பிறகு அதே தெருவில் நேரெதிரே சொந்தமாக ஒரு கடை போட்டான். போகும்போது தாத்தா காலத்து நாற்காலியையும் ஆளுயரக் கண்ணாடியையும் அப்பா அவனுக்குக் கொடுத்து அனுப்பினார். அண்ணனிடம் கடை அறை, தம்பியிடம் நாற்காலி. அப்பா இருந்த வரைக்கும் எல்லாம் சுமுகமாகத்தான் போயிற்று.

அப்பா போன பிறகு, தெரு வியாபாரிகள் சங்கம் ஒரு காரியம் செய்தது. செயலாளர் இரும்புக்கடைக்காரர். நல்ல மனுஷர், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். தெருவின் பழைய கடைகளுக்கெல்லாம் பித்தளைப் பலகை மாட்டப்போவதாக அறிவித்தார். முதல் அச்சகம், முதல் துணிக்கடை என்று வரிசையாக மாட்டிக்கொண்டே வந்தவர், "இத்தெருவின் முதல் சவரக்கடை" என்ற பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். இடது பக்கத்திலிருந்து அண்ணன் வந்தான். வலது பக்கத்திலிருந்து தம்பி வந்தான். "அறை என்னோடது" என்றான் இவன். "நாற்காலி என்னோடது" என்றான் அவன். வாய் வார்த்தை தடித்தபோது, அண்ணன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"தாத்தாவோட கத்தியே எங்கிட்டதான் இருக்கு. அப்பா தன் கையால குடுத்தது."

தம்பி ஒரு நிமிஷம் ஆடிப்போனான். பிறகு சிரித்தான். "உங்கிட்டயா? தாத்தா கத்தியை அப்பா எனக்குக் குடுத்தாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிக் குடுத்தாரு."

"எங்கிட்டயும் அப்படித்தான்டா சொன்னாரு!"

அன்றைக்கு முறிந்தது பேச்சு. ஒருவன் பொய் சொல்கிறான் என்பது இருவருக்கும் நிச்சயம். அந்த ஒருவன் யார் என்பதில்தான் தகராறு. அதிலிருந்து ஆண்டுக்கணக்காக எதிரெதிரே கடை திறக்கிறார்கள், எதிரெதிரே கடை மூடுகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அண்ணன் வாசலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தால் மறுவாரம் தம்பி வாசல் நீலமாகும். இவள் வீட்டுக்கு அண்ணன் வருகிற ஞாயிறு வேறு, தம்பி வருகிற ஞாயிறு வேறு. இவள் இரண்டு ஞாயிறும் ஒரே சமையலைச் செய்து, ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போனாள். அண்ணன் குழந்தைகளும் தம்பி குழந்தைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டு, "அத்தை, அவங்க போன வாரம் என்ன சாப்பிட்டாங்க?" என்று துப்பறிய ஆரம்பித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வரும். கத்தியைப் பார்த்தாலே ஜாதகம் சொல்கிறவள் கூடவே இருக்கும்போது, இரண்டு கத்திகளையும் அவளிடம் காட்டினால் என்ன? காட்டலாம். அவள்தான் பார்க்கமாட்டேன் என்றாள். அண்ணன் கொண்டுவந்தபோது தலைவலி என்றாள். தம்பி கொண்டுவந்தபோது கண்ணாடி உடைந்துவிட்டது என்றாள். உண்மையான காரணம் வேறு. ஒன்று அசல் என்று சொன்னால் இன்னொன்று போலி என்று ஆகும். போலிக்காரன் பிறகு அவள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டான். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன், ஒரே ஒரு தம்பி. முத்திரையைப் பார்த்து ஒருவனை இழப்பதைவிட, பார்க்காமல் இருவரையும் தனித்தனியாக வைத்திருப்பது மேல் என்று அவள் காலத்தைத் தள்ளினாள்.

இரும்புக்கடைக்காரர் விடுவதாக இல்லை. பித்தளைப் பலகை அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்து கறுக்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் ஏல நிறுவனத்தின் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"அம்மா, ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டேன். நீங்க என்ன சொன்னாலும் ஒத்துக்கறாங்களாம். வேற யார் சொன்னாலும் முடியாதாம். வர்ற ஞாயித்துக்கெழமை உங்க வீட்டுக்குக் கத்தியோட வரச் சொல்லியிருக்கேன்."

"ரெண்டு பேரையுமா? ஒரே ஞாயித்துக்கெழமையா?"

"ஆமாம்மா. நானும் வர்றேன்."

அன்று மாலை புருஷனிடம் சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார். "தெரியலன்னு சொல்லிடேன். முத்திரை தேஞ்சுபோச்சு, ஒண்ணும் புரியலன்னு."

"தெரியலன்னு சொல்றதுக்குத் தெரியாம இருக்கணும். பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா முகமே காட்டிக்குடுத்துடும். நான் பொய் சொன்னா மூக்கு சிவக்கும்னு ரெண்டு பேருக்கும் சின்ன வயசுலேருந்து தெரியும்."

"சரி, அப்ப பழசு எதுவோ அதைச் சொல்லு."

"பழசா இருந்தா மட்டும் தாத்தாவோடதுன்னு ஆயிடுமா? நேத்து எவன்கிட்டயோ வாங்கின கத்திகூட நூறு வருஷத்துப் பழசா இருக்கும்."

புருஷன் கையை விரித்தார். "எப்படியிருந்தாலும் நான் சமையல் பக்கம் இருக்கேன். கத்தி பக்கம் வரமாட்டேன்" என்று முடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணன் முன்வாசல் வழியாக வந்தான். தம்பி வேண்டுமென்றே பின்வாசல் வழியாக வந்தான். சாப்பாட்டு மேஜையின் இந்த முனையில் ஒருவன், அந்த முனையில் ஒருவன், நடுவில் இரும்புக்கடைக்காரர். மூன்று பேருக்கும் டீ கொடுத்துவிட்டுப் புருஷன் சமையலறை வாசலில் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு நின்றார். யாரும் டீயைத் தொடவில்லை.

"மாப்பிள்ளை, அந்தாள்கிட்ட சொல்லுங்க, முதல்ல என் கத்தியைத்தான் பார்க்கணும். நான்தான் மூத்தவன்" என்றான் அண்ணன்.

"மாமா, அவர்கிட்ட சொல்லுங்க, தாராளமா பார்க்கட்டும். போலியை முதல்ல பார்த்துட்டா வேலை சுளுவா முடியும்" என்றான் தம்பி.

"நான் பஸ் டிரைவர். தபால்காரன் இல்ல" என்றார் புருஷன்.

அண்ணன் தன் கத்தியை மேஜையில் வைத்தான். அவள் பஞ்சில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக் கழுத்தை ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் கண்ணை வைத்தாள். கிரீடம் தெரிந்தது. அதன் இருபுறமும் விக்டோரியா ராணியின் எழுத்துகள். கீழே செய்தவன் பெயரில் பாதி தேய்ந்து, ஷெஃபீல்டு என்ற ஊர்ப் பெயர் மட்டும் மிச்சமிருந்தது. நாட்டின் பெயர் இல்லை. தடித்த அலகு. நுனியில் நகக்கண் அளவுக்குப் பிறை போல ஒரு வெட்டு.

"கிரீடம் இருக்கு. நல்ல பழைய அலகு" என்றாள் மெதுவாக. "தாத்தா பிறக்கறதுக்கு முன்னாடியே செஞ்சது. தாத்தா இதைப் பழசாத்தான் வாங்கியிருக்கணும்."

"கேட்டீங்களா செயலாளரே? கிரீடம்! தாத்தா கத்தியில கிரீடம் இருந்துச்சுன்னு அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்" என்றான் அண்ணன்.

அவள் கத்தியைத் திருப்பினாள். கையிலிருந்த பிடியில் ஏதோ உறுத்தியது. கட்டைவிரலை வைத்துப் பரபரவென்று தேய்த்து முகர்ந்தாள். கற்பூரம். செல்லுலாய்டு பிடி, அலகுக்கு அது பேத்தி முறை. அவள் முகம் மாறியது. ஒட்டுக்கத்தி! தன் சொந்த அண்ணன் வீட்டில், அவளுக்கு ஆகவே ஆகாத ஒட்டுக்கத்தி.

"அடுத்ததைக் குடு" என்றாள் தம்பியிடம்.

தம்பியின் கத்தியில் சோலிங்கன் என்று ஊரும், கீழே ஜெர்மனி என்று நாடும் பளிச்சென்று இருந்தன. மெல்லிய அலகு, வழவழவென்று உருண்ட நுனி. அப்பா வாலிபனாக இருந்தபோது வாங்கியிருக்கலாம், அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அவள் லென்ஸை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். எப்படிச் சொல்வது?

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அலகை ஏன் பார்க்கறே? பிடியைப் பாரு. மூணு புள்ளி! தாத்தா ஊசியைக் காய்ச்சித் தன் கத்திக்கு மூணு புள்ளி வெச்சாரு, கூட வேலை செய்யறவங்க எடுத்துடக் கூடாதுன்னு. இதை அப்பா எனக்குச் சொன்னாரு. யாருக்காவது இது தெரியுமா?"

அண்ணன் தன்னை மறந்து நேராகத் தம்பியைப் பார்த்தான். மூன்று புள்ளிகளைப் பற்றி அவனும் கேட்டிருக்கிறான், தன் பிடியில் அவை இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

தேன் நிறத்துக் கொம்புப் பிடி. அதன் ஓரத்தில் முக்கோணமாக மூன்று கருகிய புள்ளிகள். அவள் சடாரென்று எழுந்தாள். "ஜன்னல் திரையை இழுங்க. எல்லா ஜன்னலையும்."

"பட்டப்பகல்லயா?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"இழுங்கங்கறேன்ல!"

அறை இருண்டது. கொம்பு கொஞ்சம் ஒளி ஊடுருவும் பொருள். அவள் அலகை முழுவதும் விரித்துவிட்டு, பேனா மொத்தமுள்ள சின்ன டார்ச்சின் ஒளியைப் பிடியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே பாய்ச்சினாள். பிடி உள்ளிருந்து மஞ்சளாக எரிந்தது. அதற்குள்ளே ஒரு கறுத்த நிழல் தெரிந்தது. பல காலம் உள்ளே மடங்கிக் கிடந்த அலகின் துரு கொம்பில் ஏறி, தன் உருவத்தையே விட்டுவிட்டுப் போயிருந்தது. அகலமான நிழல். அதன் நுனியில் நகக்கண் அளவுக்குப் பிறை வெட்டு.

தம்பியின் அலகில் அந்த வெட்டு இல்லை. அண்ணனின் அலகை எடுத்துப் பிடியின் வெளிப்பக்கத்தில் நிழலுக்கு மேலே பொருத்தினாள். வெட்டோடு வெட்டு சேர்ந்தது. ஓர் இழை விலகவில்லை.

 அவளுக்குச் சிரிப்பு முதலில் வந்ததா, அழுகை முதலில் வந்ததா என்று தெரியவில்லை, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. "ஒரு நிமிஷம்" என்று சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் வாணலி இருந்தது.

அண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "ஏய் பாப்பா, என்ன இது? அடிக்கப்போறியா?"

"அக்கா, பேசித் தீர்த்துக்கலாம்!" என்று தம்பியும் எழுந்துவிட்டான். பல ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் ஒரே பக்கமாக ஒதுங்கினார்கள்.

"உட்காருங்க ரெண்டு பேரும். இந்த வாணலிக் கைப்பிடி கழண்டு வந்தப்ப யாரு ஆணி அடிச்சுக் குடுத்தது?"

"அப்பா" என்றான் தம்பி.

"அப்பா எந்தக் கைக்காரரு?"

"இடது கை" என்றான் அண்ணன்.

வாணலியின் ஆணித் தலையை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். இடது கைச் சுத்தியல் விழுந்து விழுந்து, வட்டமாக இருக்க வேண்டிய தலை ஒரு பக்கமாகச் சப்பையாகியிருந்தது. அண்ணன் கத்தியில் அலகையும் பிடியையும் பூட்டுகிற ஆணியின் தலையை வைத்தாள். அதே சாய்வு. தம்பி கத்தியை வைத்தாள். அதே சாய்வு. மூன்றுக்கும் அதே பித்தளைக் கம்பி. ஒவ்வொருவராக வந்து லென்ஸில் பார்த்தார்கள். கத்தி பயத்தை மறந்து புருஷனும் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் தாத்தா கத்தி எனக்கு, எனக்குன்னு அப்பா உயிரை வாங்கியிருக்கீங்க" என்றாள் அவள். "அவர் என்ன செய்வாரு? தாத்தா கத்தியையும் தன் கத்தியையும் பிரிச்சு, மாத்திப் பூட்டியிருக்காரு. அலகு உனக்கு, பிடி அவனுக்கு. தாத்தா கத்தின்னு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னது பொய்யே இல்ல. ரெண்டு பேருக்கும் குடுத்திருக்காரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னார் பாரு, அதுதான் திருட்டுத்தனம்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி வாயைத் திறந்துகொண்டு நின்றான். 

முதலில் வாய் திறந்தவர் இரும்புக்கடைக்காரர். அவருக்குப் பலகைக் கவலை. "அப்ப சுலபமா போச்சும்மா. பிரிச்சு சரியாச் சேர்த்துடுங்க. தாத்தா கத்தி முழுசா ஒண்ணாயிடும். உங்க வேலையே அதுதானே?"

"ஆமாக்கா, சேர்த்துடு" என்றான் தம்பி.

"சேர்த்து..." என்று தொடங்கிய அண்ணன் பாதியில் நிறுத்தினான். சேர்த்து யாரிடம் வைப்பது என்ற கேள்வி மூன்று பேர் முகத்திலும் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்தது.

அவள் இரண்டு கத்திகள் மீதும் உள்ளங்கையை வைத்து மூடினாள். ஒட்டுக்கத்தியைக் கண்டால் ஒருநாள் முழுக்கப் பேசாதவள், அசலோடு அசல் சேர வேண்டும் என்று ஏல நிறுவனத்தில் எல்லோரிடமும் சண்டை பிடிக்கிறவள், குரல் உடைந்து சொன்னாள்.

"யாரும் கை வைக்கக் கூடாது. பிரிக்கணும்னா இந்த ஆணித் தலையை அரத்தால ராவி எடுக்கணும். எடுத்தா அப்பா போயிடுவாரு. ஷெஃபீல்டு முத்திரை எத்தனையோ பார்த்துட்டேன், இன்னும் பார்ப்பேன். அப்பா முத்திரை உலகத்துலயே இந்த ரெண்டுலதான் இருக்கு."

"மூணு" என்றார் புருஷன். "வாணலியும் இருக்கே."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "எனக்கு தாத்தா கத்தி வேணாம். பலகையும் வேணாம். எனக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை சமைச்சு சமைச்சு அலுத்துப்போச்சு. நீங்க ரெண்டு பேரும் ஒரே மேஜையில உட்கார்ந்தாதான் தாத்தா கத்தி முழுசா இருக்கும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது."

பலகை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை இரும்புக்கடைக்காரர் பிறகு இரண்டு கடைகளுக்கும் நடுவிலிருக்கும் விளக்குக் கம்பத்தில் மாட்டினார். எழுத்துகளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் அம்புக்குறி வரைந்து, அதை நியாயம் என்று தானே பாராட்டிக்கொண்டார். தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதன் கீழே நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிகிறார்கள். சொறிகிறவர்களில் பாதிப் பேருக்கு முடிவெட்ட வேண்டியிருப்பதால் வியாபாரத்துக்குக் குறைவில்லை.

அது பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பேசி முடித்தபோது அறை இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. புருஷன் போய்த் திரைகளை விலக்கினார். வெயில் குபீரென்று உள்ளே வந்து, குனிந்து லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் பிடரியில் விழுந்தது. அண்ணன் அந்தப் பிடரியையே உற்றுப் பார்த்தான்.  யாரையும் தூது அனுப்பாமல் நேராகவே கேட்டான்.

"டேய், பின்கழுத்துல இப்படிக் கன்னாபின்னான்னு வெட்டியிருக்கானே, எவன்டா அவன்?"

தம்பி நிமிரவில்லை. "நான்தான். ரெண்டு கண்ணாடி வெச்சுக்கிட்டு நானே வெட்டிக்கிட்டேன். வேற யார் வெட்டுவா?" என்றான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு மட்டும் என்ன வாழுதாம்? காதோரம் ஒண்ணு மேலே ஒண்ணு கீழே."

"பக்கத்துத் தெருக்காரன்டா. பேசிக்கிட்டே வெட்டிப்புட்டான்."

சின்ன வயதிலிருந்து அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர்தான் முடி வெட்டிக்கொள்வார்கள். இத்தனை நாளாக இரண்டு தலைகளும் மாறி மாறி வாரம் தவறாமல் தன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தும், கழுத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற தனக்கு இது கண்ணில் படவில்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஓடிப்போய் ஒரு பழைய போர்வையும், கத்தரிக்கோலும், சீப்பும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"நீ உட்காரு. நான்தான் மூத்தவன், நான்தான் முதல்ல வெட்டுவேன்" என்றான் அண்ணன்.

"அதெப்படி? உன்னோடதுதான் ரொம்ப அசிங்கமா இருக்கு. நீ உட்காரு" என்றான் தம்பி.

ஆளுக்கொரு பக்கமாகப் போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சண்டையை அவள் தீர்த்துவைக்கப் போகவில்லை. அது முடிவதற்குள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையலாகச் செய்துவிடலாம் என்று வாணலியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.